15 ஆண்டான கார்: ஆர்.சி. புதுப்பிக்க மூன்று மாதத் தயாரிப்பு

உங்கள் காரின் ஆர்.சி.யை எடுத்து, பதிவு எந்த நாளோடு முடிகிறது என்று முதலில் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான காருக்கு முதல் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு. அதன்பிறகும் ஓட்ட வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, ஓட்டத் தகுதியானது என்று எழுதினால் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பேச்சில் இதையும் ‘எஃப்.சி.’ என்றே சொல்கிறோம். சட்டப்படி எஃப்.சி. என்பது லாரி, பஸ், டாக்சி போன்றவற்றுக்கு. நம் காருக்கு நடப்பது பதிவுப் புதுப்பிப்பு. அதற்கான விண்ணப்பம் படிவம் 25.

15 ஆண்டு முடிந்தால் காரை உடைக்கக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தில்லியிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தடை என்று வந்த உத்தரவுகள் கிளப்பிய பயம் அது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு வயதுத் தடை இல்லை. பயந்துபோய் நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

செலவு கூடியிருப்பது உண்மை. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு அதையே 10,000 ரூபாயாக 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். தேதி தாண்டிவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம். இவை போகப் பசுமை வரி தனி. இவ்வளவு கட்டித்தான் வண்டியை வைத்துக்கொள்ளப்போகிறோம் என்றால், அது 5 ஆண்டுக்கு நம்பி ஓட்டக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும்.

ஆய்வாளர் ஒரு காருக்குச் செலவிடுவது சில நிமிடங்கள். விளக்கு, ஹாரன், பிரேக், டயர், நம்பர் பிளேட், சேஸிஸ் நம்பர் ஆகியவற்றைப் பார்ப்பார். துரு, புகை பார்ப்பார். சக்கரத்தைக் கழற்றியோ கார்ப்பெட்டைத் தூக்கியோ பார்க்க அவருக்கு நேரம் இல்லை. அந்தச் சோதனையில் தேறுவது குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற வண்டிக்கு அது போதாது. அதனால் தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். டிங்கரிங், பெயின்ட் என்று ஒதுக்கிவைத்திருக்கும் பணத்தை வண்டியின் அடியில் செலவழியுங்கள். மிச்சமிருந்தால் பெயின்ட்.

பிரேக்

எங்கள் வீட்டு ஆல்டோ 2008இல் பதிவானது. 2023இல் புதுப்பிக்கும் முறை வந்தபோது பிரேக்கில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. மிதித்தால் நின்றது. இருந்தாலும் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி உருவினார். உள்ளே கருகருவென்று பிரேக் தூசி. ஓரிடத்தில் மட்டும் அது ஈரமாகி, சேறு மாதிரி அப்பியிருந்தது. வீல் சிலிண்டரின் முனையில் ஒரு சிறு ரப்பர் உறை இருக்கும். அதை ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாக நெம்பினார். ஒரு சொட்டு பிரேக் ஆயில் உருண்டு வந்து அவர் விரலில் நின்றது.

“சார், இது இன்னிக்கு நேத்து ஆன லீக் இல்ல. லைனிங் முழுக்க ஊறிப்போயிருக்கு பாருங்க.”

“பெடல்ல ஒண்ணும் தெரியலையேண்ணே?”

“முன்னாடி டிஸ்க் நல்லா பிடிக்குது, அதான் தெரியல. மழையில அவசரமா மிதிச்சிருந்தீங்கன்னா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கும்.”

அந்த ஒரு சொட்டு ஆய்வாளர் கண்ணில் பட்டிருக்காது. வண்டி தேறியிருக்கும். நானும் ஓட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

பழைய காரில் பின்பக்க டிரம் இரண்டையும் கழற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். வீல் சிலிண்டரோ லைனிங்கோ ஒரு பக்கம் போயிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிடிப்பு சமமாக இருக்காது. முன்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பம் குறையும். ஏற்காடோ கொடைக்கானலோ இறங்கும்போது பிரேக் சூடாகி, உள்ளே ஆவிக்குமிழி உண்டாகிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்வது இதனால்தான். 15 ஆண்டில் ஒருமுறைகூட மாற்றாத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டப்பாவில் குறையும்போது மேலே ஊற்றிக்கொண்டே வந்திருப்பார்கள். குறைகிறது என்றால் லைனிங் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. காரணம் தெரியாமல் ஊற்றாதீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், இறுகிவிடும். அப்படியே மிதித்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரில் கோளாறு. இறங்கி நின்ற பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தானாக மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால், வெளியே கசிவு ஏதும் இல்லாதபோது, மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட் பிரேக்கை மேம்பாலச் சரிவில் சோதிக்க வேண்டாம். வாகனம் வராத ஒரு சிறு ஏற்றம் போதும்.

ஸ்டியரிங், டயர்

முன்சக்கரத்தை நேராக வைத்து, வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்புங்கள். சக்கரம் அசையத் தொடங்கும்வரை ஸ்டியரிங் சும்மா ஆடுகிற அளவு 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. என்னைக் கேட்டால் அதில் பாதி ஆடினாலே மெக்கானிக்கிடம் போக வேண்டும். ஜாக்கியில் ஏற்றிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே விடாதீர்கள். ஸ்டாண்ட் வைக்காமல் யாரையும் அடியில் போகவும் அனுமதிக்காதீர்கள்.

டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும். காடிக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம். ஆனால் ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக் கார்களில் பிரச்சினை வேறு. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுக்கிற வண்டியில் பட்டன் புதிது போல இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2415 என்று இருந்தால் 2015ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்த டயர். பக்கச் சுவரில் முடி போல வெடிப்பு ஓடியிருந்தால் பட்டனைப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள். பல வீடுகளில் அது வண்டியோடு வந்த டயராகவே இருக்கும்.

துரு

எஞ்சின் போனால் வேறு எஞ்சின் போடலாம். சிறு கார்களின் பாடியே அவற்றின் எலும்புக்கூடு. அது அரித்துவிட்டால் வண்டி முடிந்தது. சென்னைக் கடற்கரை ஓரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மூன்றாவது தடவையும் படியுங்கள்.

துரு வெளியில் குமிழியாகத் தெரிவதற்கு முன்பே உள்ளே வெகுதூரம் போயிருக்கும். டிரைவர் பக்கக் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். அடியில் இருக்கும் பஞ்சைக் கையால் அழுத்துங்கள். ஈரம் கசிந்தால் தண்ணீர் எங்கிருந்தோ வந்து தேங்குகிறது. வைப்பருக்குக் கீழே இலைதழை அடைத்திருக்கலாம், கதவு ரப்பர் காய்ந்திருக்கலாம். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிகிற சிறு ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் நின்று கதவே அடியிலிருந்து தின்னப்படும். ஈர்க்குச்சி ஒன்று போதும், குத்தி எடுத்துவிடலாம். பேட்டரி உட்காரும் தட்டையும் பாருங்கள், ஆசிட் வழிந்து அரித்திருக்கும்.

பிறகு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் ரன்னிங் போர்டு, ஃப்ளோர், பின்சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். அரித்த தகடும், பட்டி பூசி மூடிய இடமும் மொத்து மொத்தென்று சொல்லும். சீட் பெல்ட் போல்ட் மாட்டியிருக்கும் இடம், லோயர் ஆர்ம் வந்து சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகிய மூன்றில் எதில் ஓட்டை இருந்தாலும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றாவிட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி கெடலாம். இந்த வெல்டிங் வேலைக்கு ஆகும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டுகிறது என்று தெரிந்தால், அங்கே நின்று யோசியுங்கள். அந்த வண்டியைப் புதுப்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

புகை

புகைச் சான்றிதழ் வாங்கும் இடத்தில் குழாயைச் சைலன்சருக்குள் விடாமலேயே காகிதம் நீட்டுகிறவர்கள் உண்டு. அதை வாங்கிக்கொண்டு வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்தக் கருவி காட்டும் எண்கள், எஞ்சினுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி.

பி.எஸ். 2, பி.எஸ். 3 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.மும் உச்ச வரம்பு. பி.எஸ். 4 காருக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பி.எஸ். 4 விதி 2010 ஏப்ரலில் வந்தது. மற்ற ஊர்களுக்கு வந்து சேர 2017 ஏப்ரல் ஆனது. அதனால் ஒரே ஆண்டில் வாங்கிய கார் சென்னையில் ஒரு ரகமாகவும் தஞ்சாவூரில் வேறு ரகமாகவும் இருக்கலாம். உங்கள் வண்டி எது என்று ஆர்.சி.யிலோ பரிவாஹன் தளத்திலோ பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, காற்று போதவில்லை. அழுக்கேறிய ஏர் ஃபில்டர், களைத்துப்போன ஆக்சிஜன் சென்சார் ஆகியவை முதல் சந்தேகம். ஹைட்ரோகார்பன் தனியாக ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. பிளக் அல்லது பிளக் வயர். இரண்டுமே ஏறியிருந்தால் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் செயலிழந்திருக்கலாம். பழைய காரை வாங்கியவர்கள், அது வண்டியில் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். வெட்டி எடுத்து விற்றுவிட்டு வெறும் குழாயை ஒட்டிவிடுவது நடக்கிறது.

நம் ஊர் ஷெட்டுகளில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. வண்டி ஒருமுறை சூடேறிவிட்டால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடுவார்கள். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்பார்கள். வால்வு இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்வதைக் கேட்டு, மின்னணுப் பெட்டி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், கடைசியில் புகைச் சோதனையில் தோற்கும். சூடேறியதற்கு உண்மைக் காரணம் போர் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டராக இருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றி, புது வால்வு போடுங்கள். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தால், அதை மாற்றிய கிலோமீட்டரும் தேதியும் தெரியவில்லை என்றால், இதோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எஞ்சினுக்கு வரும் பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள், அது தீப்பிடிக்கும் விஷயம்.

சோதனைக்குப் போகும்போது வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, சூடேறிய எஞ்சினோடு போங்கள். குளிர்ந்த எஞ்சினில் நல்ல வண்டிகூடத் தோற்கும்.

விளக்கும் மற்றவையும்

இரவில் ஒரு சுவர் முன் வண்டியை நிறுத்தி எல்லா விளக்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் போடும்போது பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் பல்பில் தவறில்லை. எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. மஞ்சளித்த ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டாலே வெளிச்சம் திரும்பிவிடும். கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை பல்பு மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுக் கம்பெனி பல்பைப் போடுங்கள். ஏர் ஹாரன், முன்பக்க இரும்பு பம்பர் கார்டு ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடைசெய்துவிட்டது.

காகிதங்கள்

புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்கத் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்துதான் முடியும். ஆனால் காகிதத் தடைகளை அதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். கார் கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கியில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி நீக்குங்கள். பழைய கிளையைத் தேடிக் கண்டுபிடித்து இதை வாங்கவே சில வாரம் ஆகலாம். கட்டாத இ-சலான் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பரிவாஹன் தளத்தில் உங்கள் இப்போதைய செல்போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். வண்டியின் நிறத்தை மாற்றியிருந்தாலும், கேஸ் கிட் மாட்டியிருந்தாலும் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் ஆய்வு நாளில் நடப்பில் இருக்க வேண்டும். புகைச் சான்றிதழ் பி.எஸ். 4 காருக்கு ஓராண்டு, அதற்கு முந்தைய காருக்கு 6 மாதம் செல்லும்.

தேதி தாண்டிய பிறகு வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். பதிவு காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருடக்கணக்கில் அலைய நேரலாம்.

ஆய்வு நாள்

முந்தின நாள் சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் தேடிக் கண்டுபிடித்து வையுங்கள். அவை எங்கே பொறித்திருக்கும் என்று ஓனர் மேனுவலில் படத்தோடு இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் பட்டும் படாமலும் தேயுங்கள். அழுத்தித் தேய்த்து எழுத்து மழுங்கிவிட்டால் வேறு தலைவலி ஆகிவிடும். அந்த எண்ணின் மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு தெளிவாக விழ வேண்டும். அதை நீங்களே இரண்டு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைக் கழுவி, உள்ளே சாமான் ஏதும் இல்லாமல் கொண்டுபோங்கள். புரோக்கர் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பாமல் நீங்களே போங்கள். ஆய்வாளர் குறை சொன்னால் எந்தப் பாகம், என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரிசெய்துவிட்டு மறுபடி காட்டலாம். எங்கள் ஆல்டோவில் நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்று சொன்னார்கள். பல்பு வாங்கி மாட்டி அன்று மதியமே காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

புது ஆர்.சி. வந்ததும் கையுறைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். முதல் பக்கத்தில் பிரேக் ஆயில், கூலன்ட், டைமிங் பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும். அதற்குக் கீழே, அடுத்த புதுப்பிப்புக்கு மூன்று மாதம் முன்னால் வரும் தேதி. இன்றே எழுதிவிடுங்கள்.